பாதத்தை அளந்து பாதரட்சை கொள்ளுதல்

நம் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் கட்டு ஷூ என்பது பள்ளிப் பிள்ளைகளும் சில உத்தியோகஸ்தர்களும் மாத்திரம் அணிகிற பொருளாக இருந்துவர, நெய்வேலியிலோ அது ஜீவனோபாயத்துக்கான கருவிகளுள் ஒன்றாகவே அமைந்துவிட்டது. முந்திரியும் மணிலாவும் விளைந்த செம்மண் பூமியில், 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, மறு வருஷமே மேல்மண்ணை அகற்றும் வேலை தொடங்கி, 1961இல் கரி கண்ணுக்குத் தென்பட்ட காலம் முதலாக, அதுவரை வெறுங்காலோடு ஏர் ஓட்டியும் முந்திரிக்கொட்டை பொறுக்கியும் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், முனையில் இரும்புக் கவசம் பொருத்திய கனத்த ஷூவுக்குள் தங்கள் கால்களைப் பழக்க வேண்டியவர்களானார்கள். அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புக் காலணி இல்லாமல் எவரும் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கலாகாது என்பது விதியாகையால், இங்கே ஷூ அணியலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இடமே இல்லை. எந்தக் காலுக்கு எந்த ஷூ என்பதுதான் கேள்வி. ஒரு ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் ஏறியும் இறங்கியும் உழைக்கிற ஒருவர் அந்தக் கேள்விக்குத் தவறான விடையைத் தெரிந்தெடுத்துவிட்டால், அதன் பலனைக் கொப்புளமாகவும் கால் ஆணியாகவும் குதிகால் வலியாகவும் வருஷக்கணக்கில் அவருடைய பாதம் அநுபவிக்கிறது.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒரே விஷயந்தான். காலணியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பிரமாணம் பெட்டியின்மேல் அச்சிட்ட எண் அன்று. வாங்குகிறவருடைய பாதமே பிரமாணம். அதிலும் பாதத்தின் நீளம் மாத்திரம் போதாது. அகலமும், விரல்கள் நிற்கும் வரிசையும், உள்வளைவும், புறங்காலின் உயரமும் ஒன்றுசேர்ந்த முழு உருவத்தையும் கருத வேண்டும்.

பாதம் ஒன்றில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை தசைநார்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, உடம்பின் பாரம் இறங்கும்போது சற்றே விரிந்தும், பாரம் நீங்கும்போது மறுபடி குவிந்தும் இயங்குகின்றன. சிறு பிராயம் முதல் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து பழகியவர்களுடைய பாதம், அவ்விதம் விரிவதற்குத் தடையேதும் இல்லாமையால், முன்புறத்தில் விசாலமாகவும் விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமலும் வளர்ந்திருக்கும். இது குறையன்று, பாதம் தன் இயல்பான வடிவத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். 1958ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் இரண்டு வைத்தியர்கள் ஷூ அணிந்த சீனர்களையும் அணியாத சீனர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் மூட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கோளாறு, ஷூ அணிந்தவர்களில் 100க்கு 33 பேரிடமும் அணியாதவர்களில் 100க்கு ஏறக்குறைய 2 பேரிடமும் காணப்பட்டது. விரல்களை ஒடுக்கும் ஷூ, மெல்ல மெல்லப் பாதத்தைத் தன் உருவத்துக்கு மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

ஷூவுக்கு உருவம் கொடுப்பது, தொழிலாளர்கள் ‘லாஸ்ட்’ என்று சொல்லும் அச்சு. மரத்தினாலோ பிளாஸ்டிக்கினாலோ பாதத்தைப் போலச் செய்த அந்த அச்சின்மீது தோலை இழுத்துப் பொருத்தித்தான் ஷூ தயாராகிறது. ஆகவே அச்சு குறுகலாக இருந்தால், அதன்மேல் எவ்வளவு உயர்ந்த தோலைப் போர்த்தினாலும் ஷூ குறுகலாகவே வரும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பியச் சந்தைக்கென்று தயாராகும் அழகிய ஷூக்கள் ஐரோப்பியருடைய பாத அச்சுக்களின்மேல் பிறந்தவை. நம்முடைய கடைகளில் வழங்கும் எண்களும் அப்படியே இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பியக் கணக்கில் அது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இவை இரண்டும் நீளத்தின் கணக்கே. அகலத்தைக் குறிக்கத் தனி எழுத்துக்கள் மேல்நாடுகளில் வழக்கத்தில் இருந்தாலும், நம் ஊர்க் கடைகளில் அவற்றைக் காண்பது அரிது.

இந்தக் குறையை உணர்ந்து, 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், இந்தியப் பாதத்துக்கென்று ஓர் அளவு முறையை வகுக்க முற்பட்டார்கள். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களைக் கருவிகளால் அளந்து பார்த்ததில், மேல்நாட்டு அளவுகளைக் காட்டிலும் நம்மவர் பாதம் அகலமானது என்பது உறுதியாயிற்று. ‘பா’ என்று பெயரிடப்பெற்ற அந்த முறையில் தயாரான ஷூக்கள் எல்லாக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கும் வரையில், அகலத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு வாங்குகிறவருடையதாகவே இருக்கிறது. ஆகையால் நம் ஊர்க் கடைகளில் தினந்தோறும் நடக்கும் ஒரு தவற்றைச் சற்று விரிவாக எடுத்துச் சொல்லுகிறேன்.

எட்டாம் எண் ஷூவைப் போட்டுப் பார்க்கிறார் ஒருவர். நீளம் சரியாக இருக்கிறது. சுண்டுவிரலின் பக்கம் பிடிக்கிறது. “ஒன்பது போட்டுப் பாருங்க அண்ணே, சரியாயிடும்” என்கிறார் கடைக்காரர். ஒன்பதாம் எண்ணில் பக்கப் பிடிப்பு உண்மையிலேயே தளர்ந்துவிடுகிறது. அவரும் திருப்தியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். ஆனால் அகலம் வேண்டி நீளத்தை வாங்கிய அந்தக் கணத்திலேயே மூன்று கெடுதல்கள் கூடவே வந்துவிடுகின்றன. முதலாவது, நாம் நடக்கும்போது பாதம் மடிகிற இடம் விரல்களின் அடிமூட்டு வரிசை. ஷூ மடிகிற இடமும் நேராக அதன் கீழே அமைந்திருக்க வேண்டும். நீளமான ஷூவிலோ மடிப்பு முன்னால் தள்ளிப்போய் விரல்களின் மேலே விழுவதால், ஒவ்வோர் அடியிலும் அது விரல்களின் முதுகை உராய்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது, குதிகால் பிடிப்பில்லாமல் மேலும் கீழும் வழுக்குவதால் பின்புறத்தில் கொப்புளம் உண்டாகிறது. மூன்றாவது கெடுதல் சுரங்கத்தில் உழைப்பவருக்கே விசேஷமாக உரியது. ஷூ நீளமாகிவிட்டபடியால், முன்னால் இருக்கும் கவசத்துக்குள் விரல்கள் போதிய ஆழம் புகாமல் பின்தங்கி நிற்கின்றன. எந்த விரல்களைக் காப்பதற்காக அந்தக் கனத்தைச் சுமக்கிறோமோ, அந்த விரல்களின் ஒரு பகுதி கவசத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. அகலம் போதாதென்றால் அதே எண்ணில் அகலமான முன்பகுதி உள்ள வேறொரு மாதிரியைத் தேட வேண்டுமே தவிர, எண்ணை உயர்த்துவது பரிகாரமாகாது.

அளக்கும் முறை மிகவும் எளிது. அதற்கு வேண்டிய சாமான்கள் ஒரு வெள்ளைக் காகிதமும் பென்சிலும் அளவுகோலுமே. காலையில் எழுந்தவுடன் அளக்கலாகாது. நாள் முழுவதும் நின்று உழைத்த பாதம் சிறிது வீங்கியிருக்குமாகையால், சாயங்காலத்திலோ, ஷிப்டு முடிந்து வீடு திரும்பிய பிற்பாடோ அளப்பதே நியாயமான அளவைக் கொடுக்கும். எந்தக் காலுறையோடு ஷூ அணியப்போகிறோமோ அதையே அணிந்துகொண்டு, இரண்டு கால்களிலும் பாரம் சமமாக விழும்படி நேராக நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி வரைந்த படத்தில் பாதம் உண்மையைவிடச் சிறியதாகவே தோன்றும். குனிந்து தானே வரைய முற்பட்டால் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுமாகையால், வீட்டில் உள்ள ஒருவரைக் கொண்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தின் விளிம்பை ஒட்டி வரையச் செய்வது நலம். பிறகு குதிகாலின் பின்முனையிலிருந்து மிகவும் நீண்ட விரலின் நுனி வரையிலும், பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரையிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பாதங்களையும் தனித்தனியே அளப்பது அவசியம். பெரும்பாலோருக்கு ஒன்று மற்றொன்றைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

இப்படி வரைந்த படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்ற முடியுமானால், அதைக் கழற்றித் தரையில் வைத்து, காகிதப் பாதத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அல்லது நீங்களே அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் விளிம்பு எந்தப் பக்கத்திலாவது இன்சோலுக்கு வெளியே வழிந்தால், அந்த ஷூ உங்களுக்குரியதன்று. நீண்ட விரலின் நுனிக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் எஞ்சியிருக்க வேண்டும். இந்த ஒரு பரீட்சையைச் செய்தாலே, குறுகலான ஷூவை வாங்கி வருந்துவோரில் பெரும்பாலோர் தப்பித்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

விரல்களின் வரிசை மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. சிலருக்குப் பெருவிரல் நீண்டு, மற்ற விரல்கள் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். சிலருக்கு இரண்டாம் விரலே பெருவிரலைத் தாண்டி நிற்கும். இன்னும் சிலருக்கு முதல் மூன்று நான்கு விரல்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். முதல் வகையினருக்குப் பெருவிரல் பக்கம் நேராக ஓடி, சுண்டுவிரல் பக்கம் சரிகிற முனை பொருந்தும். இரண்டாம் வகையினர், கடைக்காரர் வழக்கம்போலப் பெருவிரலை அழுத்திப் பார்த்து “இடம் இருக்கு” என்று சொன்னாலும், இரண்டாம் விரலுக்கு இடம் இருக்கிறதா என்று தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த விரல்தான் முனையில் முட்டி, நகம் கறுத்துப்போய்விடுகிறது. மூன்றாம் வகையினருக்குக் கூர்முனை ஷூ எதுவும் ஆகாது. சதுரமாகவோ வட்டமாகவோ உள்ள அகன்ற முனையே வேண்டும். கூர்முனை பார்வைக்கு நாகரிகமாக இருக்கலாம். ஆனால் உலகத்தில் எவருடைய விரல்களும் நடுவில் கூர்ந்து முடிவதில்லை.

உள்வளைவை அறிவதற்குப் பாதத்தை நனைத்து, வீட்டின் உலர்ந்த சிமெண்டுத் தரையில் இயல்பாக ஓர் அடி வைத்துப் பார்ப்பது போதும். முன்பாதத்தையும் குதிகாலையும் இணைக்கும் ஈரத்தடம் பாதியளவு அகலத்தில் விழுந்தால் வளைவு சராசரியானது. தடம் முழுவதும் நிரம்பி விழுந்தால் தட்டைப்பாதம். இணைப்பே மிக மெல்லியதாகவோ அற்றுப்போயோ காணப்பட்டால் உயர்ந்த வளைவு. தட்டைப்பாதம் உள்ளவருக்கு, நடுப்பகுதி எளிதில் முறுக்கிக்கொள்ளாத உறுதியான அடியும், குதிகாலைச் சுற்றிக் கெட்டியான பிடிப்பும் உதவும். உயர்ந்த வளைவுடையவருக்கு அடிப்பக்கத்தில் மெத்தென்ற பகுதி வேண்டும்; அவர்களுடைய புறங்காலும் உயர்ந்திருப்பதால், நாடா கட்டும் இடம் தாராளமாகத் திறந்து கொடுக்கிற ஷூவே வசதியானது, நாடா இல்லாமல் நுழைத்துக்கொள்ளும் ஷூ அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. வலியில்லாத தட்டைப்பாதம் வியாதியன்று. அதற்கென்று விசேஷ ஷூ வாங்கிப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. வலி இருந்தால் கடைக்காரரைக் காட்டிலும் எலும்பு வைத்தியரை அணுகுவதே முறை.

கடையில் போட்டுப் பார்க்கும் சமயத்தில் அவசரம் கூடாது. இரண்டு ஷூக்களையும் அணிந்து, நாடாவை முழுவதும் கட்டி, கம்பளத்தின்மேல் அல்லாமல் கெட்டித் தரையில் பத்து நிமிஷமாவது நடக்க வேண்டும். குதிகால் எழும்பாமல் அமர்ந்திருக்கிறதா, விரல்களை உள்ளே மேலும் கீழும் அசைக்க முடிகிறதா, நாடாவைக் கட்டிய பிறகு புறங்காலில் அழுத்தம் இருக்கிறதா என்பவை கவனிக்கத்தக்கவை. ஷூவைக் கையிலெடுத்து முன்னும் பின்னும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்களின் அடிமூட்டு நிற்கும் இடத்தில் அது மடிய வேண்டும், நடுப்பகுதியில் மடியக்கூடாது. “போகப் போக இளகிவிடும்” என்ற வார்த்தையை நம்பி எந்த ஷூவையும் வாங்கலாகாது. நல்ல தோல் சிறிது இளகுவது மெய்தான். ஆனால் அது அகலத்தில் ஒரு நூலளவு இடம் கொடுக்குமேயன்றி, குறைவான நீளத்தை ஒருபோதும் கூட்டிக் கொடுக்காது.

இனிப் பாதுகாப்பு ஷூவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் சாதாரண ஷூவில் தோல் இளகிக் கொஞ்சம் மன்னித்துவிடும் பிழையை, இரும்புக் கவசம் மன்னிப்பதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் 15298ஆம் எண் விதிப்படி இந்தக் கவசம் 200 ஜூல் சக்தியுள்ள அடியைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடையுள்ள பொருள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல்கள் நசுங்கலாகாது. அவ்வளவு உறுதியான பொருள் எத்தனை மாதம் அணிந்தாலும் ஒரு மயிரிழையும் விரியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதல் நாள் கவசத்தின் பக்கச்சுவர் சுண்டுவிரலைத் தொட்டால், கடைசி நாளிலும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆதலால் பாதுகாப்பு ஷூவை நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் குந்திப் பாருங்கள். இயந்திரத்தின் அடியில் போல்டு முடுக்குகிறவரும், கன்வேயர் உருளையைப் பழுது பார்க்கிறவரும் நாள் முழுவதும் அந்த நிலையில்தான் வேலை செய்கிறார்கள். கவசத்தின் பின்விளிம்பு விரல் மூட்டின்மேல் வெட்டுகிறதா என்பது அப்போதுதான் வெளிப்படும்.

நெய்வேலிச் சுரங்கத்தின் நிலம் வேறு சில பண்புகளையும் ஷூவிடம் கோருகிறது. கரிப்படலத்துக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் நீரூற்றை ஓயாமல் இறைத்துக்கொண்டே கரியை வெட்ட வேண்டியிருப்பதால், வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிற நாளிலும் சுரங்கத்தின் அடித்தட்டில் ஈரமும் களிமண்ணும் இருக்கக்கூடும். மழைக்காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. களிமண் ஒட்டி நிரம்பிப்போகும் நெருக்கமான வரிகளைக் காட்டிலும், மண்ணை உதிர்க்கும்படி இடைவெளி விட்ட ஆழமான வரிகள் உள்ள அடிப்பாகமே வழுக்காமல் இருப்பதற்கு நல்லது. சுரங்கம் வெட்டும் வாளிச் சக்கர இயந்திரங்களின் ஏணிகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு, படியில் பிடித்து நிற்கத்தக்க விதமாகக் குதிகால் தனியே எடுப்பாக அமைந்த ஷூ வேண்டும். ஒரே தட்டையாக ஓடும் அடி ஏணிக்கு ஏற்றதன்று. அனல்மின் நிலையத்தில் சூடான குழாய்களின் அருகே வேலை செய்கிறவர்கள், வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் அடியைக் கேட்டுப் பெறுவது உசிதம்.

வேலை செய்யும் இடத்தில் வழங்கப்படும் ஷூ காலுக்குப் பொருந்தவில்லையென்றால், அதை அணிந்து அழுக்காக்குவதற்கு முன்பாகவே மாற்றித் தரும்படி கேட்டுவிட வேண்டும். அளவுப் பட்டியலில் பெயருக்கு எதிரே எண்ணை எழுதிக் கொடுக்கும்போது, பழைய ஷூவின் எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், புதிதாக அளந்து எழுதுங்கள். வயது ஏற ஏற, உடம்பின் எடை கூடக் கூட, பாதம் தளர்ந்து நீள்வதும் அகல்வதும் இயற்கை. முப்பது வயதில் ஏழாம் எண் அணிந்தவர் ஐம்பது வயதிலும் அதையே அணிய வேண்டுமென்ற விதி இல்லை. தொளதொளத்த ஷூவுக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொள்வதும், இறுக்கமான ஷூவுக்குள் மெத்தை இன்சோல் திணிப்பதும் பயன் தராத உபாயங்கள். பின்னது கவசத்துக்குள் விரல்களை மேலே தூக்கி, இருக்கிற இடத்தையும் குறைத்துவிடுகிறது. பெண் ஊழியர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. ஆண்களின் அச்சையே சிறிதாக்கிச் செய்த ஷூவில், பெண்களுடைய ஒடுங்கிய குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். பெண்களின் பாத அச்சில் செய்த பாதுகாப்பு ஷூக்கள் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. அவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

காலுறை பருத்தி கலந்ததாக, மடிப்பும் தடித்த தையலும் இல்லாததாக இருக்கட்டும். ஷிப்டின் நடுவில் நனைந்துபோனால் மாற்றிக்கொள்ள மற்றொரு ஜதை பையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளைக் கழுவித் துடைப்பவருக்குச் சேற்றுப்புண் எளிதில் அண்டாது.

குழந்தைகளின் விஷயத்தில் பெற்றோர்கள் செய்யும் தவறு அன்பினாலும் சிக்கனத்தினாலும் விளைவது. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, வருஷம் முழுவதும் வரட்டும் என்று இரண்டு எண் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சை அடைத்துக் கொடுக்கிறார்கள். அல்லது சென்ற ஆண்டின் ஷூ கிழியவில்லை என்பதற்காக, விரல்கள் மடங்கியிருப்பதைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். வளரும் குழந்தைக்கு முன்னால் ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, அந்த இடம் தீர்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். முன்பு சொன்ன தேசிய அளவெடுப்பில், பெண்களின் பாத அளவு 11 வயதளவிலும், ஆண்களின் பாத அளவு 15, 16 வயதளவிலும் உச்சத்தை எட்டுவதாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே அந்த வயதை நெருங்கும் பெண் குழந்தையின் கால் அளவைச் சற்று அடிக்கடியே பார்க்க வேண்டும். அண்ணன் அணிந்து தேய்ந்த ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதும் நல்லதன்று. அண்ணனுடைய நடையின் தேய்மானம் அதில் பதிந்திருக்கும்.

ஆறு வயதுக்குட்பட்ட சிறுவர்களை வீட்டிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு விளையாட விடுங்கள் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். 1992ஆம் ஆண்டில் உதயபாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் நம் நாட்டில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், தட்டைப்பாதம் காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 100க்கு 8.6 என்ற விகிதத்திலும், வெறுங்காலோடு வளர்ந்த குழந்தைகளில் 2.8 என்ற விகிதத்திலும் காணப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதியாகவும், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. பாதத்தின் வளைவு, தசைகள் உழைத்து உருவாக்கிக்கொள்கிற ஒன்று. சிறு வயதிலேயே அதைக் கெட்டியான கூட்டுக்குள் அடைத்துவிட்டால் உழைப்பதற்குச் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. நெய்வேலி நகரியத்து வீடுகளைச் சுற்றி மரநிழலும் மண்தரையும் இருப்பது குழந்தைகளின் பாதங்களுக்குக் கிடைத்த பாக்கியம்.

ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும், முக்கியமாக நீரிழிவு உள்ளவர்களுக்கும், இதுவரை சொன்னவற்றோடு வேறு சில ஜாக்கிரதைகள் தேவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, உணர்ச்சி இழந்த பாதம் அழுத்தத்தையும் காயத்தையும் அறியாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் என்று கண்டறிந்தார். அந்த ஞானத்திலிருந்து பிறந்ததுதான், அழுத்தத்தைப் பரவலாக்கும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. ‘எம்.சி.ஆர்.’ செருப்பு என்று இன்று எல்லாரும் சொல்லும் அதே செருப்பு, நீரிழிவினால் உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கும் நன்மை செய்கிறது. ஆனால் மெத்தென்று அமுங்குகிற எல்லாச் செருப்பும் எம்.சி.ஆர். அன்று, கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும், அமுங்கிய பள்ளம் அப்படியே நிற்குமானால் அந்த ரப்பர் பயனற்றது. விரலிடுக்கில் வார் நுழையும் மாதிரியை விட்டு, புறங்காலின்மேல் இரண்டு பட்டைகளும் குதிகாலின் பின்னால் ஒரு பட்டையும் உள்ளதைத் தெரிந்தெடுங்கள். உணர்ச்சி குறைந்தவர் கடையில் “இறுக்கமாக இல்லையே” என்று சொல்லும் வார்த்தைக்கு மதிப்பில்லை. அவருக்குக் காகித அளவும் இன்சோல் பரீட்சையுமே சாட்சி. மருத்துவமனையில் 10 கிராம் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையால் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை அதைச் செய்துகொள்வது நீரிழிவுக்காரர் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

அவர்கள் காலணியை அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவி, கல்லோ ஆணியோ பூச்சியோ இல்லையென்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஆலயத்துக்குச் செல்லும்போது, வெயில் ஏறுவதற்கு முன்பே பிரதட்சிணத்தை முடித்துவிடுவது நல்லது. உச்சிவேளையின் கற்தரையில் பாதம் வெந்ததை அவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் அறிகிறார்கள். தைப்பூசத்துக்கு வடலூர் வரை நடந்து செல்ல விரும்புகிறவர்கள், வயது எதுவாயினும், அன்றைக்கென்று புதுச் செருப்பு வாங்கலாகாது. இரண்டு மூன்று வாரம் பழகிய செருப்போடு புறப்பட வேண்டும்.

கடைசியாக, காலணியின் ஆயுளைப் பற்றி. பாலியூரிதேன் அடியுள்ள ஷூக்கள் இலேசாகவும் மெத்தென்றும் இருப்பதால் இப்போது மிகுதியாகப் பழக்கத்தில் வந்திருக்கின்றன. ஆனால் காற்றின் ஈரம் அந்தப் பொருளை உள்ளிருந்தே அரிக்கக்கூடியது. பெட்டியில் பத்திரமாக நாலைந்து வருஷம் வைத்திருந்த புது ஷூவை ஒருநாள் எடுத்து அணிந்தால், அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிடுவதை இந்த வகையில் காணலாம். ஆகையால் வாங்கும்போதே அடியிலோ நாக்கிலோ பதித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பழைய சரக்கை விலை குறைவென்று வாங்காதீர்கள். வழங்கப்பட்ட ஷூவைச் சேமித்து வைக்காமல் முறையாகப் பயன்படுத்துங்கள். நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்பின் அருகிலோ காயவைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு ஜதைகளை மாற்றி மாற்றி அணிய வசதியுள்ளவர்களுக்கு இரண்டும் நெடுநாள் உழைக்கும். குதிகாலின் வெளிவிளிம்பு ஒருபுறமாகத் தேய்ந்து, ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது சாய்ந்து நின்றால், மேல் தோல் எவ்வளவு புதிதாகப் பளபளத்தாலும் அதை மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு ஷூவின் கவசத்தின்மேல் ஒருமுறை பலமான பொருள் விழுந்திருந்தால், வெளியே பள்ளம் தெரியாவிட்டாலும், அந்த ஜதையை மறுபடி சுரங்கத்துக்கு அணிந்து செல்லக்கூடாது.